கீபோர்டை விக்காதீங்க சார், கடனை இடம் மாத்துங்க

வாசகர் கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 44 வயசு, பெரம்பூர் பக்கம் இருக்கேன். 22 வருஷமா லைட் மியூசிக் ட்ரூப்ல கீபோர்டு வாசிக்கிறேன், சின்னதா அஞ்சு பேரை வெச்சு சொந்தமாவும் ப்ரோக்ராம் எடுப்பேன். 2020 மார்ச்ல லாக்டவுன் வந்தப்போ 7 ப்ரோக்ராமுக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தேன், அதுல பொண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டிட்டேன், எல்லாம் கேன்சல் ஆனதும் பணத்தைத் திருப்பிக் கேட்டாங்க. அதுக்கும் வீட்டுச் செலவுக்கும் சேர்த்து ஜூலைல ஏரியாவுல ஒருத்தர்கிட்ட 80,000 நாலு வட்டிக்கு வாங்கினேன். செப்டம்பர்ல மனைவியோட 6 சவரன் நகையை ஒரு பைனான்ஸ்ல 18 சதவீதத்துக்கு வெச்சு 1,50,000 எடுத்தேன். இன்னிக்கு வரைக்கும் வட்டிதான் கட்டறேன், அசல் அப்டியே நிக்குது. கீபோர்டு இ.எம்.ஐ. வேற பாக்கி விழுந்து 2021-ல செட்டில்மெண்ட் பண்ணேன், அதுலேர்ந்து எந்த பேங்க்லயும் லோன் தர்றதில்ல. பகல்ல கூரியர் கோடவுன்ல 14,000 சம்பளம். ப்ரோக்ராம் மாசம் நாலஞ்சு வருது, ரேட்டு 2019-ல வாங்கின அதே 2,500. 12 பேர் ஏறின மேடையில இப்போ ட்ராக் (முன்னாடியே பதிவு பண்ணின இசை) போட்டு 4 பேர் ஏறறோம். ஒருத்தர் என் கீபோர்டை 55,000-க்குக் கேக்கறார். வித்துட்டு ஃபீல்டை விட்டுடுங்கன்னு வீட்ல சொல்றாங்க. மச்சான் உதவி பண்றேன்றார், வாங்க மனசு வரல. நான் எங்க தப்பு பண்ணேன், இப்போ என்ன பண்ணட்டும்?

பெயர் வேண்டாம், பெரம்பூர்

பதில்:

வணக்கம் சார். உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன், கடைசியில "எங்க தப்பு பண்ணேன்"னு ஒரு வரி போட்டிருக்கீங்க பாருங்க, மொதல்ல அதுக்கு பதில் சொல்லிட்டுதான் கணக்குக்குப் போவேன். நான் மயிலாப்பூர்ல ஆடிட்டரா இருக்கேன், மிருதங்கம் வாசிக்கிறவங்க, வயலின்காரங்க, ட்ரூப் வெச்சிருக்கிறவங்க, சவுண்ட் சர்வீஸ்காரங்கன்னு இந்தத் தொழில்ல இருக்கிற நிறைய பேரோட கணக்கு என் கையால போகுது. அந்த ரெண்டு வருஷத்துல எல்லாரோட நோட்டுலயும் ஒரே மாதிரி வெள்ளைப் பக்கம்தான். அத்தனை பேருமா சேர்ந்து தப்பு பண்ணியிருப்பாங்க?

கொஞ்சம் காலண்டரை எடுத்து வெச்சுப் பாருங்க. உங்க தொழிலுக்கு 12 மாசமும் வருமானம் கிடையாது, சீசன்ல சம்பாதிச்சு மிச்ச மாசத்தை ஓட்டணும். 2020 மார்ச் 25 லாக்டவுன் ஆரம்பிக்கும்போது பங்குனி மாசம், அந்த வருஷம் மயிலாப்பூர்ல அறுபத்து மூவர் வீதி உலாவே நடக்கல, நான் பொறந்து வளர்ந்த ஊர்ல மாட வீதி காலியா இருந்து அன்னிக்குதான் பார்த்தேன். அப்புறம் சித்திரை, வைகாசி முகூர்த்தமெல்லாம் போச்சு, ஆடி கோயில் மேடை போச்சு, விநாயகர் சதுர்த்திக்குப் பந்தல் போடக்கூடாதுன்னுட்டாங்க. மார்கழிக்கு சபாக்காரங்க ஆன்லைன்ல கச்சேரி வெச்சாங்க, அதுல பாடறவங்களுக்கு ஏதோ கிடைச்சுது, ஆனா சபா சபாவா ஓடி ஒரே நாள்ல ரெண்டு கச்சேரிக்கு வாசிக்கிற பக்கவாத்தியக்காரங்களுக்கு அந்த எண்ணிக்கை வரவே இல்ல. 2021-ல தையும் மாசியும் கொஞ்சம் மூச்சு விட்டோம், சரி எல்லாம் சரியாயிடுச்சுன்னு நெனச்சு அட்வான்ஸ் வாங்க ஆரம்பிக்கிறப்போ ஏப்ரல் 10-லேர்ந்து திருவிழாவுக்குத் தடை, மே 10-லேர்ந்து முழு ஊரடங்கு, மறுபடியும் அதே சித்திரை வைகாசி. 2022 ஜனவரியில ஒமிக்ரான் வந்து ஞாயித்துக்கிழமை லாக்டவுன் போட்டாங்களே, அதுவும் தை முகூர்த்தத்து மேலதான் விழுந்துது. அதாவது மூணு தடவையும் உங்க சம்பாத்திய மாசத்தைப் பார்த்துதான் அடிச்சுது. மளிகைக்கடைக்காரர் மூணு மாசம் மூடிட்டு நாலாவது மாசம் தொறந்தா அன்னிக்கே யாவாரம் உண்டு, உங்களுக்கு ஒரு சித்திரை போனா அடுத்த சித்திரைதான். இதுல உங்க தப்பு எங்க சார் இருக்கு?

2020 செப்டம்பர் 25-ம் தேதி எஸ்.பி.பி. சார் போன அன்னிக்கு சாயங்காலம் எனக்கு ஒரு ட்ரூப் லீடர் போன் பண்ணார், 30 வருஷமா அவர் பாட்டைத்தான் மேடையில வாசிச்சு சாப்பிட்டவர், அழுதுட்டு கடைசியில "மேடம் நகை வெக்கணும், எங்க வட்டி கம்மி"ன்னு கேட்டார். நீங்க நகை வெச்ச அதே மாசம். அந்த போன் எனக்கு இன்னும் மறக்கல, அதனாலதான் உங்க லெட்டருக்கு இவ்ளோ நீளமா எழுதறேன்.

ஆனா ஒண்ணு சொல்லணும். தப்பு இல்ல, ஒரு ஓட்டை இருந்துது, அது உங்க தொழில்ல எல்லார்கிட்டயும் இருந்த ஓட்டை. நீங்க ஒரு தொழிலாளின்னு சொல்ற மாதிரி ஒரு துண்டுக் காகிதம்கூட உங்ககிட்ட இல்ல. கஷ்டகாலத்துல உதவின்னு வந்தது எல்லாமே காகிதத்தைப் பார்த்துதான் வந்துது. 2020-ல நல வாரியத்துல பதிவு பண்ணியிருந்தவங்களுக்கு 1,000 ரூபா போச்சு, பெஃப்சி (சினிமா தொழிலாளர் கூட்டமைப்பு) சங்கங்கள்ல இருந்தவங்களுக்கு நடிகர்கள் கொடுத்த பணமும் அரிசி மூட்டையும் போய்ச் சேர்ந்துது, உங்களுக்கு ரேஷன் கார்டுக்கு எல்லாருக்கும் வந்த 1,000, அப்புறம் 2021-ல ரெண்டு தவணையா வந்த 4,000, இதைத் தவிர வேற ஏதாவது வந்திருக்காது. 22 வருஷம் வாசிச்சிருக்கீங்க, மொத்தப் பணமும் ப்ரோக்ராம் முடிஞ்சு வண்டியில ஏறும்போது லீடர் கையில திணிக்கிற கேஷ். கம்பெனி ஆண்டு விழாவுக்கு வாசிச்சா அவங்க டி.டி.எஸ். (முன்கூட்டியே புடிக்கிற வரி) புடிச்சு லீடர் பேர்ல கட்டுவாங்க, லீடர் ஏதாவது ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வாங்குவார், இல்ல வாங்காமலே விட்டுடுவார், உங்க பேன் நம்பர்ல ஒண்ணுமே இருக்காது. அரசாங்கத்துக்கு, பேங்குக்கு, இன்சூரன்ஸ்காரனுக்கு, யாருக்குமே நீங்க கீபோர்டு ப்ளேயர்னு தெரியாது. இதை மாத்தறதுதான் நான் உங்களுக்குச் சொல்லப்போற முக்கியமான விஷயம், ஆனா அதுக்கு முன்னாடி எரியுற நெருப்பை அணைக்கணும், கடன்.

நாலு வட்டின்னா மாசம் 100-க்கு 4, வருஷத்துக்கு 48 சதவீதம். 80,000-க்கு மாசம் 3,200, வருஷம் 38,400. அஞ்சு வருஷத்துல 1,92,000 கட்டியிருக்கீங்க, வாங்கினது 80,000. நகைக்கு 18 சதவீதம், வருஷம் 27,000, அஞ்சு வருஷத்துல 1,35,000. ஆக ரெண்டுக்கும் சேர்த்து 3,27,000 வட்டி போயிருக்கு, அசல் 2,30,000 அப்டியே இருக்கு. மாசக் கணக்குல பார்த்தா 5,450 ரூபா. உங்க கோடவுன் சம்பளத்துல மூணுல ஒரு பங்குக்கும் மேல. இந்த நம்பரைப் பார்த்து மனசு ஒடையாதீங்க, இதுலதான் வழியும் இருக்கு, ஏன்னா மாசம் 5,450 அஞ்சு வருஷமா விடாம கட்டற ஆளு நீங்க. அந்தப் பணம் தப்பான எடத்துக்குப் போயிட்டிருக்கு, அவ்ளோதான்.

இப்போ கீபோர்டை 55,000-க்கு வித்தா என்ன ஆகும்? நாலு வட்டிக் கடன்கூட முழுசா அடையாது, 25,000 மிச்சம் நிக்கும், நகைக் கடன் தொடவே முடியாது. மாசம் நாலு ப்ரோக்ராம்னு வெச்சாலும் அந்த கீபோர்டு 10,000 கொண்டாந்துட்டு இருக்கு, ஆறே மாசத்துல வித்த விலையை அது சம்பாதிச்சுடும். கறவை மாட்டை வித்து புண்ணாக்குக் கடனை அடைக்கிற கதைதான் இது. பின்னாடி திரும்ப ஃபீல்டுக்கு வரணும்னு தோணினா அதே மாதிரி ஒரு வொர்க்ஸ்டேஷன் கீபோர்டு மவுண்ட் ரோட்ல போய் புதுசா வாங்கற விலை என்னன்னு உங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியும். அதனால விக்காதீங்க.

உங்க கையில இருக்கிற பெரிய சொத்து அந்த 6 சவரன்தான் சார், அதை நீங்க 2020 கண்ணாலயே பார்த்துட்டு இருக்கீங்க. சவரன் விலை 2025 ஏப்ரல்லயே 70,000 தாண்டிருச்சு, அந்த 70,000-னே கணக்கு வெச்சாலும் 6 சவரன் 4,20,000. அதுல முக்கால் பங்கு வரைக்கும் கடன் தருவாங்கன்னா 3,15,000 வரும், கல்லு, அழுக்குன்னு கொஞ்சம் கழிச்சாலும் உங்களுக்கு வேண்டிய 2,30,000 தாராளமா வரும். அதனால நகையை அந்த பைனான்ஸ்லேர்ந்து மீட்டு, ஒரு அரசு பேங்க்லயோ கூட்டுறவு பேங்க்லயோ வெச்சு 2,30,000 எடுங்க. அங்க 9, 10 சதவீதம் பக்கம்தான் வட்டி. 10-னே வெச்சுக்கோங்க, வருஷம் 23,000. இப்போ ரெண்டு கடனுக்கும் கட்டறது 65,400. நகை விக்க வேண்டாம், புதுசா கடன் ஏத்த வேண்டாம், எடம் மாத்தினதுக்கே வருஷம் 42,400 மிச்சம்.

ஆனா மிச்சத்தை செலவு பண்ணிடாதீங்க, இதுதான் நான் கெஞ்சிக் கேக்கறது. இப்போ கட்டற அதே 5,450-ஐ மாசாமாசம் புதுக் கடன்ல போடுங்க, வட்டி போக மிச்சம் அசல்ல கழியும், நாலரை வருஷத்துக்குள்ள மொத்தமும் அடைஞ்சுடும். சீசன் மாசத்துல கூடக் கொஞ்சம் போட்டு சராசரியா 7,450 கட்ட முடிஞ்சா மூணே வருஷம். நகைக் கடன்ல நடுவுல எவ்ளோ வேணா கட்டலாம், 500 ரூபாகூட. வருஷம் முடியும்போது புதுப்பிக்கச் சொல்வாங்க, அப்போ வட்டி பாக்கி இல்லாம இருக்கணும், அந்தத் தேதியை மட்டும் காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சுக்கோங்க.

எந்த பேங்க்லயும் லோன் தர்றதில்லன்னீங்க. அது பர்சனல் லோனுக்கு. நகைக் கடன்ல பொருள் அவங்க கையிலயே இருக்கறதால சிபில் ஸ்கோரை (பழைய கடனை எப்டி கட்டினீங்கன்றதுக்கான மார்க்கை) அந்த அளவுக்கு நோண்ட மாட்டாங்க. இன்னும் நல்ல வழி, கடனை உங்க மனைவி பேர்ல எடுங்க. நகை அவங்களோடது, கடனும் அவங்க பேர்ல இருந்தா ஒழுங்கா கட்டக் கட்ட அவங்களுக்கு ஒரு நல்ல ரெக்கார்டு உருவாகும், நாளைக்குப் பொண்ணு காலேஜுக்குக் கல்விக் கடன்னு போய் நிக்கும்போது அது உதவும்.

இதுல நடைமுறைச் சிக்கல் ஒண்ணு இருக்கு, பைனான்ஸ்ல இருக்கிற நகையை மீட்டாத்தான் பேங்க்ல வெக்க முடியும், மீக்கறதுக்கு 1,50,000 கையில வேணும். இங்கதான் உங்க மச்சான் வர்றார். அவர்கிட்ட உதவின்னு பெரிய தொகையை வருஷக்கணக்குல வாங்க வேண்டாம், உங்க மனசு ஏன் ஒப்பலன்னு எனக்குப் புரியுது, ரெண்டு நாள் கைமாத்துன்னு கேளுங்க. காலைல அவர் பணத்தைக் கொண்டு போய் நகையை மீட்டு, அவரையே கூட்டிட்டு நேரா பேங்குக்குப் போங்க, நகையை மதிப்பு போடற அப்ரைசர் எடை போட்டு அக்கவுண்ட்ல பணம் ஏறினதும் அவருக்கு அங்கேயே திருப்பி அனுப்பிடுங்க. முன்னாடி நாளே பேங்க்ல போய் அப்ரைசர் எத்தனை மணி வரைக்கும் இருப்பார், அன்னிக்கே பணம் ஏறுமான்னு கேட்டு வெச்சுக்கோங்க, சில ப்ராஞ்ச்ல அவர் மதியத்தோட கெளம்பிடுவார். உதவி பண்றேன்னு சொல்ற ஆளு கிடைக்கறதே பெரிசு சார், வேண்டாம்னு தள்ளாதீங்க.

அப்புறம் அந்த நாலு வட்டிக்காரர். பணம் கொடுக்கும்போது கேஷா கொடுக்காதீங்க, அக்கவுண்ட்ல போடுங்க. ப்ரோ நோட்டு, வெத்து செக்கு ஏதாவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பீங்க, நிச்சயம் கொடுத்திருப்பீங்க, அது எல்லாத்தையும் ஒரு சாட்சி முன்னாடி திரும்ப வாங்கிட்டு "கணக்கு முடிந்தது"ன்னு ஒரு வரி எழுதி வாங்குங்க. இவ்ளோ வட்டி கட்டியிருக்கேன் அசல்ல கொஞ்சம் குறைங்கன்னு கேட்டுப் பாருங்க, கேக்கறதுல தப்பே இல்ல. தகராறு பண்ணா, மெரட்டினா, தமிழ்நாட்டுல 2003-லயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்திருக்கு, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாமே அதுல வருது, 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 30,000 வரைக்கும் அபராதம். பயந்துக்கிட்டு வீட்லயே உக்காராதீங்க, ஸ்டேஷனுக்குப் போகலாம்.

உங்க லெட்டர்ல இல்ல, ஆனா மனசுல இருக்கும்னு நினைக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரங்களுக்கெல்லாம் நகைக் கடன் தள்ளுபடி ஆச்சே எனக்கு ஏன் ஆகலன்னு. 2021 செப்டம்பர்ல அறிவிச்சது கூட்டுறவு பேங்க்ல 5 சவரன் வரைக்கும் வெச்சவங்களுக்கு மட்டும். உங்களோடது தனியார் பைனான்ஸ், அதுவும் 6 சவரன். இனி வெக்கும்போது கூட்டுறவு பேங்கையும் விசாரிங்கன்னு சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம், ஆனா தள்ளுபடி வரும்னு நம்பிக் கட்டாம மட்டும் இருக்காதீங்க.

கீபோர்டு இ.எம்.ஐ. கதை நிறைய பேருக்கு நடந்துது. 2020 மார்ச் 1-லேர்ந்து ஆகஸ்ட் 31 வரைக்கும் தவணை கட்ட வேண்டாம்னு ரிசர்வ் பேங்க் அவகாசம் கொடுத்துது, அது தள்ளிவெக்கிறதுதான், தள்ளுபடி இல்ல, வட்டி ஓடிட்டே இருந்துது. செப்டம்பர்ல கட்ட ஆரம்பிக்கணும்னா வருமானம் வேணுமில்ல, உங்களுக்கு மேடையே தொறக்கல. செட்டில்மெண்ட்ன்றது குறைச்சுக் கட்டி முடிக்கறது, அது கிரெடிட் ரிப்போர்ட்ல "செட்டில்டு"ன்னு நிக்கும், "க்ளோஸ்டு"ன்னு இருக்காது, இந்த ஒரு வார்த்தைதான் உங்க காலை வாருது. வருஷத்துக்கு ஒரு தடவை கிரெடிட் ரிப்போர்ட் இலவசமா எடுத்துப் பார்க்கலாம், எடுத்து பாக்கி எவ்ளோ காட்டுதுன்னு பாருங்க, சின்னத் தொகையா இருந்தா பின்னாடி வசதி வரும்போது மிச்சத்தைக் கட்டி "க்ளோஸ்டு"ன்னு மாத்தித் தரச் சொல்லி எழுத்துல கேக்கலாம். இது இப்போ அவசரம் இல்ல.

சரி, அடுத்தது ரேட்டு. இதைப் பத்தி எனக்குக் கோவமே வருது. 2019-ல 2,500, இன்னிக்கும் 2,500. ஆட்டோ ஏறிடுச்சு, பாலு, கேஸ் ஏறிடுச்சு, மண்டப வாடகை ஏறிடுச்சு, மேடையில ஏறறவங்களுக்கு மட்டும் ஏறல. என் க்ளையண்ட்ஸ் கணக்குல நான் பார்த்தது என்னன்னா, கல்யாணத்துக்கு 50 பேர்தான்னு கட்டுப்பாடு இருந்தப்போ பார்ட்டிங்க "சின்னதா பண்ணிக்கலாம்"னு குழுவைக் குறைச்சாங்க, ட்ரம்ஸுக்கு, ஃப்ளூட்டுக்கு, வயலினுக்குப் பதிலா ட்ராக் ஓடுச்சு, கட்டுப்பாடு போனதும் கூட்டம் திரும்பி வந்துது, ஆனா அந்த 8 பேர் திரும்பி மேடைக்கு வரவே இல்ல. கொரோனா போச்சு, அது சுருக்கின மேடை அப்டியே நின்னுடுச்சு. இது உங்க ஒருத்தரால மாத்தக்கூடிய விஷயம் இல்லதான், ஆனா மிச்சம் ஏறற அந்த 4 பேர் இப்போ 12 பேர் வேலையைப் பாக்கறீங்க, ட்ராக் ரெடி பண்றது, எடிட் பண்றது, மேடையில ஓட்டறது எல்லாம் உங்க தலைலதான் விழுந்திருக்கும். அதுக்குக் காசு கேளுங்க. ட்ராக் தயார் பண்றதுக்குத் தனி, வாசிக்கிறதுக்குத் தனின்னு பிரிச்சுச் சொல்லுங்க. நீங்க மட்டும் கேட்டா அடுத்த ஆளைக் கூப்புடுவாங்க, அதனால ரெகுலரா சேர்ந்து வாசிக்கிற ஏழெட்டு பேர் உக்காந்து இதுக்குக் கீழ போறதில்லன்னு பேசிக்கோங்க. சொந்தமா எடுக்கிற ப்ரோக்ராம்லேர்ந்தே ஆரம்பிக்கலாம், அங்க நீங்கதானே லீடர், உங்க கூட வர்ற தபலாக்காரருக்கும் பாடற பொண்ணுக்கும் ஏத்திக் கொடுங்க.

அட்வான்ஸ் விஷயம். அன்னிக்கு திருப்பிக் கொடுத்தீங்களே, சட்டப்படியும் அது சரிதான். 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்துல 56-வது பிரிவு, 65-வது பிரிவுன்னு ரெண்டு இருக்கு, யார் தப்பும் இல்லாம ஒரு வேலை நடக்க முடியாமப் போனா ஒப்பந்தம் செல்லாது, வாங்கின பணத்தைத் திருப்பணும். ஆனா முன்னாடியே வேற மாதிரி பேசி வெச்சிருந்தா அதுதான் நிக்கும். நீங்க வாயால பேசினீங்க. இனிமே ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போதும், தேதி, எடம், எத்தனை பேர், மொத்தம் எவ்ளோ, அட்வான்ஸ் எவ்ளோ, ப்ரோக்ராம் எந்தக் காரணத்தால ரத்தானாலும் அட்வான்ஸ்ல பாதி திரும்ப வராது, தேதி மாத்தினா அதே அட்வான்ஸ் செல்லும், இவ்ளோதான், பார்ட்டி "ஓகே"ன்னு பதில் போட்டதும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. வெள்ளம், புயல்னு சென்னைல வருஷா வருஷம் ஏதாவது வந்து ஐப்பசி கார்த்திகைல ப்ரோக்ராம் கேன்சல் ஆகுதில்ல, அப்போவும் இது உங்களைக் காப்பாத்தும். அட்வான்ஸ் வந்தா அதை ப்ரோக்ராம் முடியற வரைக்கும் தொடக்கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன், வீட்ல அடுப்பு எரியணுமே, ஆனா அந்தத் திருப்ப வேண்டிய பாதியையாவது தனி அக்கவுண்ட்ல வெச்சிருங்க.

இப்போ காகிதத்துக்கு வர்றேன். லீடர்கிட்ட இனிமே கேஷ் வேணாண்ணே, ஜிபேல போட்டுடுங்கன்னு சொல்லுங்க, போடும்போது தேதியும் எடமும் குறிப்புல போடச் சொல்லுங்க. ஒரு நோட்டு வாங்கி ஒவ்வொரு ப்ரோக்ராமுக்கும் வரவு, ஆட்டோ செலவு, சர்வீஸ் செலவு எழுதுங்க, கீபோர்டு சர்வீஸ் பில்லை எடுத்து வைங்க. வருஷம் முடிஞ்சதும் இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன் போடுங்க. ரிட்டர்ன்னாலே வரி கட்டணும்னு பயப்படறாங்க, ரிட்டர்ன் போடறது வேற, வரி கட்டறது வேற, உங்க வருமானத்துக்கு ஒரு ரூபா வரி வராது. ஆனா ரெண்டு மூணு வருஷம் தொடர்ந்து போட்டா அதுதான் நீங்க ஒரு இசைக் கலைஞர், இதுதான் தொழில், இவ்ளோ சம்பாதிக்கிறார்னு சொல்ற காகிதம். நேரடியா ஏதாவது கம்பெனியோ ஹோட்டலோ உங்க பேர்ல பணம் கொடுத்து டி.டி.எஸ். புடிச்சிருந்தா உங்க பேன் நம்பர்ல இருக்கிற இன்கம் டாக்ஸ் பதிவுல தெரியும், ரிட்டர்ன் போட்டா அது திரும்ப வரும். என்கிட்ட வர்ற ஒரு வயலின்காரருக்கு இப்டி விட்டுப்போன ரெண்டு வருஷத்துப் பணம் இருந்துது, நேரத்துல ரிட்டர்ன் போடாதவங்க அஞ்சு வருஷம் வரைக்கும் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு கொடுக்கலாம், அலைச்சல்தான், ஆனா அவருக்குக் கிடைச்சுது.

யாருக்காவது பக்திப் பாட்டு, குறும்படம்னு சொந்தமா ட்யூன் போட்டுக் கொடுத்திருக்கீங்களா? இருந்தா ஐ.பி.ஆர்.எஸ்.ல மெம்பர் ஆகலாமான்னு பாருங்க, பாட்டு எழுதறவங்க, ட்யூன் போடறவங்களுக்கு ராயல்டி வசூல் பண்ற அமைப்பு அது. 2012-ல காப்பிரைட் சட்டத்தைத் திருத்தினப்புறம் ஒரே தொகைக்குப் பாட்டை எழுதிக் கொடுத்திருந்தாலும் ராயல்டி பங்கு கேக்கற உரிமை உங்களை விட்டுப் போகாது.

கோடவுன் வேலையை இப்போதைக்கு விடாதீங்க. சம்பள ஸ்லிப் வாங்கிப் பாருங்க, இ.எஸ்.ஐ., பி.எஃப். புடிக்கிறாங்களான்னு. 21,000 வரைக்கும் சம்பளம், 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற எடம்னா இ.எஸ்.ஐ. வரணும், கான்ட்ராக்ட் ஆளா இருந்தாலும் வரணும். இருந்தா குடும்பத்துக்கே வைத்தியம், உங்களுக்கு அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். இல்லன்னா கேளுங்க, அப்டியும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லவே இல்லன்னா அமைப்புசாரா தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் கார்டு எடுத்துடுங்க, ரெண்டுல ஒண்ணாவது உங்க பேர்ல இருக்கணும். பேங்க் அக்கவுண்ட்லேர்ந்தே வருஷம் 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடும், 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடும் போட்டுக்கலாம், ராத்திரி ரெண்டு மணிக்கு ப்ரோக்ராம் முடிஞ்சு பைக்ல திரும்பற ஆளுக்கு இது அவசியம். அடல் பென்ஷன்ல சேர 40 வயசுக்குள்ள இருக்கணும், உங்களுக்குத் தாண்டிடுச்சு, மனைவிக்கு 40 ஆகலன்னா அவங்க பேர்ல சேருங்க.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்கும் ஒரு வார்த்தை. பறை, நையாண்டி மேளம், கரகம்னு இருக்கிறவங்க நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்கீங்களா? வயசான, வருமானம் இல்லாத கலைஞர்களுக்கு இயல் இசை நாடக மன்றம் மூலமா மாசாமாசம் நிதி வருது, ஆபீஸ் இங்க சென்னைலதான், கிரீன்வேஸ் ரோடு பக்கம். உங்க ட்ரூப்லயே 60 தாண்டின ஒரு ட்ரம்பெட்காரரோ பாட்டுக்காரரோ வீட்ல இருப்பார், அவருக்கு ஃபார்ம் எழுதிக் கொடுக்க ஆள் இருக்காது, யாராவது கூட்டிட்டுப் போங்க.

வீட்ல விட்டுடுங்கன்னு சொல்றாங்கன்னா அவங்களுக்கு இசை புடிக்கலன்னு அர்த்தம் இல்ல சார். அஞ்சு வருஷமா அவங்க கழுத்து காலியா இருக்கு, மாசாமாசம் வட்டிக்காரர் வாசல்ல வந்து நிக்கறதை அவங்கதான் பாக்கறாங்க. இந்த ஞாயித்துக்கிழமை ப்ரோக்ராம் இல்லன்னா ரெண்டு பேரும் உக்காந்து நான் மேல போட்ட கணக்கை உங்க கையெழுத்துல ஒரு பேப்பர்ல எழுதுங்க, எத்தனை மாசத்துல நகை திரும்ப வரும்னு அவங்களையே கூட்டிப் பாக்கச் சொல்லுங்க. ஒரு சவரனை வித்து அசலைக் குறைச்சிடலாம்னு அவங்களே சொன்னா அதுவும் நல்ல வழிதான், ஆனா அதை நீங்க கேக்கக்கூடாது, அவங்க சொல்லணும்.

பைனான்ஸ்ல உங்களுக்கு அடுத்த வட்டித் தேதி எப்போன்னு ரசீதுல பாருங்க, அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே மாத்திடுங்க, தேதி தாண்டினா அபராதமும் சேரும். மனைவியோட ஆதார், பேன் கார்டு, ரெண்டு போட்டோ, அடகு ரசீது எல்லாம் ஒரே கவர்ல போட்டு வைங்க. ஆடி ப்ரோக்ராமுக்கு இப்பவே போன் வர ஆரம்பிச்சிருக்கும், புது ரேட்டை அதுலேர்ந்தே சொல்லுங்க. நகையை மாத்தினதும் எனக்கு ஒரு வரி எழுதுங்க சார், ரிட்டர்ன் போடறதுக்கு நானே கூட இருந்து பண்ணித் தர்றேன், அதுக்கு ஃபீஸ் எதுவும் வேண்டாம்.